டூப்பின் படத்திறப்பு

திருட்டுப் படம் எடுப்பவனைப் பிடிக்க முடியாத அரசாங்கம் எங்கள் அப்பாவைப் பிடித்தது. ஒரு முகத்தோடு பிறந்ததைத் தவிர அவர் வேறு குற்றம் எதுவும் செய்யவில்லை.

அந்தக் கருவிக்கு அசல்கண் என்று பெயர் வைத்தார்கள். போன், கேமரா, அச்சு இயந்திரம், தெருமுனைக் கம்பம் எதுவானாலும் உள்ளே ஒரு அசல்கண் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. அனுமதி இல்லாமல் யாராவது ஒரு சினிமாவையோ, அதன் போஸ்டரையோ, போஸ்டரில் உள்ள முகத்தையோ பிரதி எடுத்தால் அது கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்துக் கத்தாது, போலீசைக் கூப்பிடாது. அந்த முகத்தை மட்டும் வெள்ளையாக்கிவிடும். சட்டை இருக்கும், கழுத்து இருக்கும், காது இருக்கும். நடுவில் ஒரு முட்டையை உரித்து வைத்த மாதிரி இருக்கும்.

இனிமேல் திருட்டுப் படம் என்ற பேச்சே கிடையாது என்று விழா எடுத்தார்கள். அந்த விழாவில் போட்டுக் காட்டிய புதுப்படம் மறுநாள் காலை எங்கள் தெருவில் எல்லார் போனிலும் இருந்தது. திருடர்கள் படத்தைக் கொஞ்சம் சாய்த்து விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஓடுகிற படம் சாய்ந்து ஓடினால் அசல்கண்ணுக்கு அடையாளம் தெரியாதாம். அசையாமல் நிற்கிற படம் என்றால் தானே நிமிர்த்திப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுமாம். ஆக, முழுப்படத்தைத் திருடுகிறவன் பிழைத்தான், போஸ்டர் ஒட்டுகிறவன் மாட்டினான். அன்றிலிருந்து பஸ்ஸில் யாராவது கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் புதுப்படம் பார்க்கிறார் என்று அர்த்தம். இந்தச் சட்டத்தால் நாட்டில் உருப்பட்டது கழுத்துவலித் தைலம் விற்பவர்கள் மட்டும்தான்.

எங்கள் வீட்டில் எப்போதும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டிருப்பவர் ஏகாம்பரம் மாமா, அம்மாவின் தம்பி. நடிகர் உதயகீர்த்தி நற்பணி மன்றத்தின் வட்டச் செயலாளர். உதயகீர்த்தி என்றால் உயிரை விடுவார். ஆனால் ஒரு படத்துக்குக் கூட டிக்கெட் வாங்கமாட்டார். புதுப்படம் வந்தால் அசல்கண்ணை நடத்தும் அசல் வாரியத்திடம் முறைப்படி அனுமதி வாங்கி, தியேட்டர் வாசலில் வைத்த கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து கழுத்தைச் சாய்த்துக்கொள்வார்.

எங்கள் அப்பா தணிகைமலை அதே உதயகீர்த்திக்கு டூப். சாலிக்கிராமத்தில் சினிமாச் சண்டைக்காரர்கள் குடியிருக்கும் சந்தில் எங்கள் வீடு. உதயகீர்த்தி மாடியிலிருந்து குதிக்க வேண்டுமென்றால் அப்பா குதிப்பார். உதயகீர்த்தி கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வரவேண்டுமென்றால் அப்பா வருவார். அந்த நேரத்தில் உதயகீர்த்தி குடைக்குக் கீழே உட்கார்ந்து இளநீர் குடிப்பார். பிறகு குதிப்பதையும் கம்ப்யூட்டரே செய்துகொள்ளும் என்று ஆனது. டூப்புகளை வரிசையாக நிற்கவைத்து முகத்தையும் உடம்பையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பா பள்ளி வேன் ஓட்டப் போனார்.

அசல்கண் வந்ததும் அப்பாவின் முகம் போக ஆரம்பித்தது. முதலில் அம்மாவின் போனில் இருந்த படங்களில் வெள்ளையானார். பிறகு ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில் வெள்ளையானார். முகம் இல்லாதவனை நம்பிக் குழந்தைகளை எப்படி அனுப்புவது என்று வேன் வேலையும் போனது. "எனக்குச் சுண்ணாம்பு அடிச்சு விட்டுட்டான்" என்று சொல்லிச் சிரித்தார். நெஞ்சுவலி வந்த அன்று ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டையை வாங்கிப் பார்த்த பெண், "இதுல பேஷன்ட் முகமே இல்லையே, சரிபார்த்துட்டுத்தான் உள்ள சேர்க்க முடியும்" என்றாள். அவள் சரிபார்த்து முடிப்பதற்குள் அப்பா பெஞ்சில் சாய்ந்துவிட்டார்.

காரியத்தன்று படத்திறப்பு வைக்கவேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே பிடிவாதம். செத்தவர் படத்தை மாட்டி, திரையை விலக்கி, மாலை போட்டு, வந்தவர்கள் ஒருமுறை அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு ஒரு படம் வேண்டும். படத்தில் ஒரு முகம் வேண்டும்.

எங்கள் தெருவின் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாமே நஜீப் பாய் கடையில்தான் அச்சாகும். அம்மா என்னையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போய், தன் போனைக் கொடுத்து, முகம் தெரிகிற மாதிரி ஏதாவது செய்யச் சொன்னாள். இயந்திரம் சர்ரென்று ஓடி ஒரு படத்தைத் துப்பியது. இரண்டு பக்கமும் அழுகிற கண்கள், மேலே புறா, கீழே ரோஜா, நடுவில் அப்பாவின் கட்டம் போட்ட சட்டை. சட்டைக்கு மேலே முட்டை.

"வேற போட்டோ வெச்சுப் பாருங்க பாய்."

"எதை வெச்சாலும் இதான் தங்கச்சி வரும். போன வாரம் ஒரு மஞ்சள் நீராட்டு பேனர். ஓரமா உதயகீர்த்தி படத்த வெச்சேன், வழக்கமா வெக்கிறதுதானே. அவனையும் வெள்ளையாக்கி, பக்கத்துல நின்ன பொண்ணோட சித்தப்பன் கன்னத்தையும் பாதி தின்னுடுச்சு. இப்ப அந்தாளு என்னப் பாத்தா பேசுறதில்ல."

"ஆர்ட்டிஸ்ட் யாரையாச்சும் கையால வரையச் சொன்னா?"

"வரையலாமே. வரைஞ்சுட்டு உள்ள போய் உக்காந்துக்கலாம். கையால வரைஞ்சாலும் பிரதி பிரதிதானாம். முழுப்படத்தையே சுட்டு விக்கிறவன் என் கடை வாசல்லதான் டீ குடிக்கிறான். அவன ஒருத்தனும் கேக்கல." பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உசுரோட இருந்தப்பவே சாய்ச்சு ஒரு வீடியோ எடுத்து வெச்சிருக்கலாம்ல?"

"செத்துப்போவாருன்னு நெனச்சு யாரு பாய் புருஷன சாய்ச்சு எடுத்து வெப்பா?" என்றாள் அம்மா.

பாய் இயந்திரத்தை அணைத்தார். பிறகு, "கல்யாண ஆல்பம்? அது காகிதம்தானே. அதுக்குள்ள கண்ணு கிடையாதே" என்றார்.

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா அச்சில் இருந்த புறாவைப் பார்த்தார்.

வாரியம் ஒருமுறை விளம்பரம் செய்திருந்தது. பழைய ஆல்பங்களைக் கொண்டு வாருங்கள், அசல் தரத்தில் புதுப்பித்து இலவசமாகத் தருகிறோம் என்று. இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றவர் மாமா. ஆல்பம் திரும்பி வந்தது. பளபளவென்ற அட்டை, கெட்டித் தாள். மணவறையில் அம்மா ஒரு முட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார் மாமா. "நீ கவலைப்படாத. எங்க மாவட்டத் தலைவருக்கு வாரியத்துல ஆள் இருக்கு. நானே கூட்டிட்டுப் போறேன்."

அசல் வாரியம் கண்ணாடிக் கட்டடம். உள்ளே நல்ல குளிர். சுவரில் ஒரு படம்கூட இல்லை. எதை அச்சடித்தாலும் அவர்களுடைய கண்ணே அதை வெள்ளையாக்கிவிடுகிறதாம். வெறும் சட்டங்களை வரிசையாக மாட்டி வைத்திருந்தார்கள். அதற்கும் தூசி தட்ட ஒரு ஆள்.

அதிகாரியின் பெயர் சுதர்சன். சின்ன வயது. எங்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். நாயை அடிக்கப் போகிறவன் முதலில் தடவிக் கொடுப்பதைப் போல இருந்தது எனக்கு.

"சொல்லுங்கம்மா, என்ன படம்?"

"எங்க வீட்டுக்காரர் படம் சார். படத்திறப்பு வெச்சிருக்கோம்."

"எந்தத் தியேட்டர்ல?"

மாமா உடனே சிரித்தார். அதிகாரி தமாஷ் செய்கிறார் என்று நினைத்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தியேட்டர் பெயருக்காகக் காத்திருந்தார்.

"செத்தவங்க படத்தைத் திறந்து வெக்கிறது சார்" என்றாள் அம்மா.

"ஓ, அதுவா." கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "தணிகைமலை. ஆமா, இருக்கார். நடிகர் உதயகீர்த்தியோட முகத்தின் போலின்னு பதிவாகியிருக்கு."

"அவனுக்கும் இவருக்கும் முகத்துல ஒரு சம்பந்தமும் இல்லையே சார். இவருக்குக் கன்னம் ஒட்டிப்போயிருக்கும். அவன் மூஞ்சி பன்னு மாதிரி."

"அக்கா, அவன் இவன்னு பேசாத" என்றார் மாமா பதறிப்போய்.

"முகம் ஒண்ணா இருக்கணும்னு அவசியமில்லம்மா. படக் கம்பெனிகள் அவங்ககிட்ட இருந்த முகங்களையெல்லாம் எங்ககிட்ட ஒப்படைச்சாங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு குறிப்பு. உங்க கணவர் முகத்துக்குப் பக்கத்துல 'உதயகீர்த்தி டூப்'னு இருந்தது. டூப்புன்னா போலி. நாமளே டூப்பு விடாதேன்னு சொல்றதில்லையா? எங்க இயந்திரம் தமிழ் நல்லா கத்துக்கிட்டிருக்கு."

"டூப்புன்னா போலி இல்ல சார். அவருக்குப் பதிலா விழுறவரு."

"சரி. விழுந்தது உதயகீர்த்தின்னு ஜனங்க நம்பினாங்களா?"

"நம்பினாங்க."

"ஆனா விழுந்தது உங்க கணவர்."

"ஆமா சார்."

"அதைத்தாம்மா நாங்க போலின்னு சொல்றோம்."

இப்படிப் பேசக் கற்றுக்கொள்வதற்கு இவர்கள் எத்தனை வருஷம் படித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"இதை மாத்த முடியாதா சார்?"

"தாராளமா. சம்பந்தப்பட்டவர் நேர்ல வந்து முகத்தைக் காட்டணும்."

"அவரு இல்லையே சார். உசுரோட இருக்கும்போது ரெண்டு தடவ வந்தாரு. கீழ வாசக் கதவுல இருக்கிற கண்ணு அவர உள்ளயே விடல."

"போலிகளை உள்ள விட முடியாதும்மா" என்றார் சுதர்சன், வருத்தமான குரலில். வருத்தமான குரல் அவருக்கு நன்றாக வந்தது. "ஆனா வெறுங்கையோட உங்களை அனுப்பமாட்டேன். மீட்புன்னு ஒரு வசதி இருக்கு. ஒரு பழைய படம் கொடுங்க. வெள்ளையை எடுத்துட்டு, அந்த இடத்துல அசல் முகத்தை வெச்சுத் தந்துடுவோம். சட்டம் போட்டு, வாரியத்தோட முத்திரையோட வீட்டுக்கே வந்துடும். முத்திரை இருந்தா எந்தக் கண்ணும் அந்தப் படத்தைத் தொடாது. அதைப் பிரதி எடுக்கத்தான் கூடாது."

அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "அசல் முகமா சார்?"

"அசல் முகம்தாம்மா. எங்க வேலையே அதுதானே."

அம்மா எழுந்து நின்று அவரைக் கும்பிட்டாள். அப்பா செத்ததிலிருந்து அவள் முகத்தில் அன்றுதான் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். ஆட்டோவில் வரும்போது, "பாத்தியா செவ்வந்தி, ஒழுங்காக் கேட்டா குடுக்கத்தான் செய்றாங்க. அசல் முகமே வந்துடுமாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பூக்காரியிடம் நிறுத்தி, படத்துக்கு நல்ல பெரிய மாலையாகக் கட்டச் சொன்னாள். மாமா தன் சாதனையை மன்றத்து ஆட்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார்.

காரியத்தன்று சந்தில் பந்தல் போட்டோம். படம் காலையிலேயே வந்துவிட்டது. பட்டுத்துணி சுற்றி, மேலே அரக்கு வைத்திருந்தார்கள். அம்மா பிரிக்கப் போனாள். மாமா தடுத்துவிட்டார். மாவட்டத் தலைவர் வந்து திறந்தால்தான் மரியாதையாம். பந்தலுக்கு நடுவில் சுவரில் ஆணி அடித்து, துணியோடு மாட்டினார்கள். அம்மா எதிரிலேயே பாய் விரித்து உட்கார்ந்துகொண்டாள்.

மாவட்டத் தலைவர் மன்றத்து ஆட்களோடு வந்தார். எல்லாரும் ஒரே நிறச் சட்டை. அப்பாவை அவர்களில் ஒருவனும் பார்த்ததில்லை. மறைந்தவரின் கலைச்சேவையைப் பற்றி மாவட்டம் பேசினார். பேச்சில் தணிகைமலை என்ற பெயர் ஒருமுறையும் தணிகாசலம் என்ற பெயர் பலமுறையும் வந்தது. அப்பாவோடு வேலை செய்த சண்டைக்காரர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மஸ்தான் அண்ணனுக்குக் காலில் கம்பி வைத்திருப்பதால் அவர் மட்டும் நின்றார்.

மாவட்டம் துணியை இழுத்தார்.

அப்பாவின் கட்டம் போட்ட சட்டை. அப்பாவின் கழுத்து. காதுக்குக் கீழே, தீப்பிடித்த லாரியில் பட்ட அப்பாவின் தழும்பு. தழும்புக்கு மேலே உதயகீர்த்தி சிரித்துக்கொண்டிருந்தார்.

எவனோ விசில் அடித்தான். அவ்வளவுதான். பந்தலே விசிலாகிவிட்டது. "தலைவா" என்று கத்தினார்கள். ஒருவன் கையில் தயாராக வைத்திருந்த காகிதப் பூவை வாரி இறைத்தான், இழவு வீட்டுக்கு வரும்போதே அதையும் கொண்டு வந்திருக்கிறான். இன்னொருவன் கற்பூரம் ஏற்றினான். வரிசையாக நின்று படத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்த படத்திலெல்லாம் உதயகீர்த்தி வெள்ளையாக வந்தார். அதற்கும் அவர்களுக்குக் கோபம் வரவில்லை. "ஒரிஜினல்டா, அதான் கண்ணு பிடிக்குது" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

மாமாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "பாத்தியாக்கா, தணிகை மாமாவுக்கு வந்த யோகத்த!"

அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "யாருடா இது?"

"என்னக்கா இப்படிக் கேக்குற? மாமாதான்."

"அவருக்கு மூக்கு உடைஞ்சு ஒரு பக்கமாப் போயிருக்கும்."

"அதையெல்லாம் சரி பண்ணித்தான் குடுத்திருக்காங்க."

அம்மா எழுந்தாள். படத்துக்கு முன்னால் நின்றவனைத் தோளைப் பிடித்து ஒதுக்கினாள். ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினாள். போட்டு உடைக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். உடைக்கவில்லை. படத்தைத் திருப்பி, உதயகீர்த்தியின் மூஞ்சி சுவரில் பதியும்படி மறுபடியும் ஆணியில் மாட்டினாள். எங்கள் பக்கம் பழுப்பு நிற அட்டை தெரிந்தது.

"என்னம்மா இது, தலைவர் படத்தைப் போய்" என்று மாவட்டம் எழுந்தார்.

"எல்லாப் படத்துலயும் எங்க வீட்டுக்காரரு முதுகத்தான் காமிச்சாங்க" என்றாள் அம்மா. அவள் கத்தவில்லை. "குதிச்சது முதுகு, உருண்டது முதுகு. நீங்க இத்தன வருஷமா விசில் அடிச்சது அந்த முதுகுக்குத்தான். அத நல்லாப் பாத்துட்டுப் போங்க."

அட்டையின் நடுவில் சந்தனம் வைத்தாள். குங்குமம் வைத்தாள். மாலையைப் போட்டாள்.

தலைவரின் முகத்தைச் சுவரில் தேய்த்துவிட்டாள் என்று மன்றத்து ஆட்கள் கொதித்தார்கள். மாமா நடுவில் நின்று இரண்டு பக்கமும் கையெடுத்துக் கும்பிட்டார். வழக்கு போடுவோம் என்றார்கள், வாரியத்தில் சொல்வோம் என்றார்கள். அதற்குள் பந்தி போட்டுவிட்டார்கள். சாப்பிட்டு முடியும் வரை கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பாயசத்துக்குப் பிறகு மறுபடியும் கோபப்பட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

கடைசி வரிசையிலிருந்து மஸ்தான் அண்ணன் காலை இழுத்துக்கொண்டு வந்தார். பூவை அட்டையில் போட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "இந்தவாட்டி எந்த டைரக்டரும் ஒன் மோர் கேக்கமாட்டான்டா மலை" என்றார். அவருக்குப் பின்னால் மற்ற சண்டைக்காரர்களும் வந்தார்கள். ஒவ்வொருவராக அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் பந்தலைப் பிரிக்க ஆட்கள் வந்தார்கள். நானும் அம்மாவும் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம்.

"எவ்ளோ நேரா வெச்சிருக்கான் பாரு மூக்க" என்றாள் அம்மா. "பென்சிலால கோடு போட்ட மாதிரி. அவருக்கு எடது பக்கமா சாஞ்சிருக்கும்."

"வலது பக்கம்மா."

"எடதுடி. கண்ணாடிய உடைச்சு வெளிய வந்தப்ப அடிபட்டுது. நாந்தானே ஒத்தடம் குடுத்தேன்."

"எதிர்ல நின்னு பாத்தா வலது பக்கம்தானே?"

"எதிர்ல நின்னு பாத்தாலும்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். பாயைக் கீழே வைத்தாள். எதிரில் அப்பா நிற்பதைப் போலக் கையை உயர்த்தி, காற்றில் விரலை ஒரு பக்கம் கொண்டுபோனாள். பிறகு அடுத்த பக்கம் கொண்டுபோனாள். விரல் நடுவில் நின்றுவிட்டது.

"நீயே சொல்லுடி. எந்தப் பக்கம்?"

வீட்டில் எடுத்துப் பார்க்க ஒன்றுமில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா வந்தார். சட்டை வந்தது, தழும்பு வந்தது, சிரிப்பு வந்தது.

மூக்கு நேராக இருந்தது.